மறுமுனையில் ஒருவர்
வில்லியனூரும் மேலூரும், 1998–2007

1998 ஜனவரியில், புதுச்சேரி நகருக்கு மேற்கே உள்ள வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு ‘தகவல் கிராமம்’ என்ற ஆய்வுத் திட்டம் தொடங்கியது. திட்டத்தை நடத்தியது சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். நிதி அளித்தது கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம். கணினியும் வானொலி அலையும் ஓர் ஏழைக் குடும்பத்தின் வரவையோ செலவையோ உண்மையில் தொடுமா என்பதை ஊருக்குள் வைத்தே சோதித்துப் பார்ப்பது நோக்கம். எண்ணம் அதற்கும் பழையது. தகவல் தொழில்நுட்பம் எட்டாதவர்களை எட்டுவது எப்படி என்று 1992 ஜனவரியிலேயே அந்நிறுவனத்தின் நிறுவனர் சுவாமிநாதன் சென்னையில் ஒரு கலந்துரையாடல் நடத்தியிருந்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15-இல்தான். கருவி வருவதற்கு மூன்றரை ஆண்டு முன்பே அதை யாருக்காகப் பயன்படுத்துவது என்ற கேள்வி எழுந்துவிட்டது.

திட்டம் தொடங்கியபோது இந்தியாவில் நூறு பேருக்கு ஏறத்தாழ இரண்டு தொலைபேசிகள் இருந்தன. சிற்றூர்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. பொதுத் தொலைபேசிக் கடைகள் ஒரு பெரிய இடைவெளியை அடைத்திருந்தன. வெளியூர் மகனோடு பேசவும், சாவுச் செய்தி சொல்லவும், பணம் அனுப்பச் சொல்லிக் கேட்கவும் அவை போதும். ஆனால் யாரிடம் கேட்பது என்றே தெரியாத கேள்விகளுக்கு எஸ்.டி.டி. கடையில் விடை கிடைக்காது. இன்று புதுச்சேரியில் நெல் என்ன விலை, எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாளில் கண் டாக்டர் இருப்பார், கணவனை இழந்தவருக்கு அரசு தரும் உதவிக்கு எந்தத் தாளில் மனு எழுத வேண்டும் என்பவையே அந்தக் கேள்விகள்.

திட்டத்தார் கணினியை இறக்குவதற்கு முன் ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மக்கள் தங்களுக்கு வேண்டிய செய்தியை யாரிடமிருந்து பெறுகிறார்கள் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், உரம் பூச்சிமருந்து விற்பவர், விளைச்சலை வாங்க வரும் வியாபாரி என்று விடை வந்தது. இதில் வறுமையின் ஒரு வேர் இருக்கிறது. நெல்லை வாங்குபவரே அதன் சந்தை விலையையும் சொல்பவராக இருக்கும்போது, விற்பவருக்குப் பேரம் பேச இடமே இல்லை. பயிரில் விழுந்த பூச்சிக்கு எந்த மருந்து என்பதை மருந்து விற்பவரே முடிவு செய்தால், தேவையில்லாத மருந்துக்கும் கடன் ஏறும். பணம் உள்ளவர் நகரத்துக்குப் போய் விசாரித்துவிடலாம். கூலிக்குப் போகிறவருக்கு அந்த விசாரணையின் விலை ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும்.

வில்லியனூர் மையம் ஒரு தகவல் பட்டறையாக இயங்கியது. இணையத்திலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் சந்தையிலிருந்தும் வருவதை அங்கிருந்த பணியாளர்கள் திரட்டினார்கள். ஊருக்குப் பயன்படாததைத் தள்ளி, பயன்படுவதைத் தமிழில் எழுதி, ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் போன்ற ஊர்களின் மையங்களுக்கு அனுப்பினார்கள். ஊரிலிருந்து கேள்விகளும் அதே வழியில் திரும்பி வந்தன. திட்டத்தை முன்னின்று நடத்திய வி. பாலாஜியும் அவரோடு பணியாற்றிய எஸ். செந்தில்குமரன், சுப்பையா அருணாசலம் முதலியோரும் இந்த நடுமையத்துக்குக் கொடுத்த முக்கியத்துவம் கவனிக்கத்தக்கது. உலகின் பல இடங்களில் அக்காலத்தில் தொடங்கப்பட்ட கிராமக் கணினி மையங்கள், கருவியை வைத்துவிட்டால் மக்கள் தாமே தேடிக்கொள்வார்கள் என்று நம்பின. வில்லியனூரில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அன்றைய இணையத்தில் தமிழும் சொற்பம், ஒரு புதுச்சேரிச் சிற்றூருக்கு உதவும் செய்தியும் சொற்பம். அதை உண்டாக்க ஆள் வேண்டியிருந்தது.

ஊர்களுக்குப் போன தொலைபேசிக் கம்பிகள் நம்பத்தக்கவையாக இல்லை; பல ஊர்களில் இணைப்பே கிடைக்கவில்லை. எனவே போலீஸ் ஜீப்பில் இருப்பதைப் போன்ற இருவழி வி.எச்.எப். வானொலிக் கருவிகளைக் கணினியோடு பொருத்தினார்கள். பேச்சும் எழுத்தும் ஒரே அலைவரிசையில் போயின. வேகம் மிகக் குறைவுதான் என்றாலும், ஒரு பக்கத் தமிழ் அறிக்கைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மின்வெட்டை ஈடுகட்டச் சூரியத் தகடுகள் ஏறின. இந்தக் கலப்பு அமைப்புக்கு 1999-இல் மோட்டோரோலா நிறுவனத்தின் தங்க விருது கிடைத்தது.

கருவிகளைவிடக் கடினமானது இடம். ஊரார் தாங்களாக முன்வந்து கேட்க வேண்டும், வாடகையின்றி இடம் தர வேண்டும், மையத்தை நடத்தத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சாதி பாராமல் எல்லாரும் உள்ளே வர வழி இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். கடைசி நிபந்தனையே உயிர்நாடி. ஊர்த்தெருவில் வசதியானவர் வீட்டுத் திண்ணையில் கணினியை வைத்தால் அந்தத் தெருவுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டியவர்களுக்கு அது இல்லாததற்குச் சமம். ஏம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே அமைந்தது. அதை நடத்தியவர்கள் பெண்கள். அங்கே தலித் மக்களும் வந்து தகவல் பெற்றார்கள். தலைமுறை தலைமுறையாக யார் எதுவரை வரலாம் என்று கோடு கிழித்திருந்த ஓர் இடத்தில், முதியோர் உதவித்தொகைக்கு விவரம் கேட்கும் ஒரு மூதாட்டி உள்ளே வந்து உட்கார்ந்தது அந்தத் திட்டத்தின் எந்தக் கருவியையும் விடப் பெரிய செய்தி.

தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்போடு நின்ற இளம்பெண்கள். கணினியை அதற்கு முன் பார்த்தறியாதவர்கள். சில வாரப் பயிற்சியில் தமிழில் தட்டச்சு செய்யவும், கோப்புகளைப் பெறவும் அனுப்பவும், அறிவிப்பை எழுதித் தொங்கவிடவும் கற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் ஓர் ஆண் அதிகாரியிடம் கேட்கத் தயங்கும் உடல்நலக் கேள்விகளை இவர்களிடம் கேட்க முடிந்தது. குறைந்த படிப்புள்ள பெண்ணுக்கு ஊரில் கிடைத்த புதிய மதிப்பும் இதோடு சேர்ந்தது.

திரட்டப்பட்ட தகவல்களில் எளியவர்களுக்கு உடனே பணமாக மாறியவை அரசின் நலத்திட்டப் பட்டியல்களே. வீடு கட்டும் உதவி, பேறுகால உதவி, கல்வி உதவி, முதியோர் உதவித்தொகை என்று புதுச்சேரி அரசுக்கு ஏராளமான திட்டங்கள் இருந்தன. அவை இருப்பதே உரியவர்களுக்குத் தெரியாமலிருந்தது. தெரிந்தவரும் இடைத்தரகருக்குக் காசு கொடுத்து மனு எழுதவேண்டியிருந்தது. யாருக்கு எந்த உதவி, யாரிடம் மனு, என்னென்ன சான்று என்பது ஊர் மையத்தில் இலவசமாகக் கிடைத்தபோது அந்தத் தரகு குறைந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர் பட்டியலும் கணினியில் இருந்தது. தன் பெயர் விடுபட்டிருக்கிறது என்பதை ஒருவர் அறிந்தால்தானே அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க முடியும்? தானிய விலை, பஸ் நேரம், பயிர்க் காப்பீடு, மருத்துவமனை விவரம் ஆகியவையும் சேர்ந்தன. பின்னாளில் ‘நம்ம ஊரு செய்தி’ என்ற பெயரில் மாதமிருமுறை இதழ் ஒன்றும் வெளிவந்து, கணினிப் பக்கம் வராத வீடுகளையும் எட்டியது.

வீராம்பட்டினத்தில் தேவை வேறு. செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரால் பெயர்பெற்ற இந்த மீனவர் ஊரில் நெல் விலையைக் கேட்க ஆளில்லை. அவர்கள் கேட்டது கடல் எப்படி இருக்கும் என்பதை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வங்கக் கடலின் அலை உயரத்தை அடுத்த 24 மணி நேரத்துக்கு முன்கணித்து வரைபடமாக வெளியிட்டு வந்தது. போர்க்கப்பல்களுக்காகத் தயாரான அந்தப் படத்தை வில்லியனூரில் இறக்கி, தமிழில் வாக்கியமாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது தாளில் ஒட்டப்பட்டதோடு ஒலிபெருக்கியிலும் வாசிக்கப்பட்டது. வலையைச் சீர்செய்பவர், மீன் காயப்போடும் பெண், கரையில் நிற்கும் பையன் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது.

ஒலிபெருக்கி அந்தத் திட்டத்தின் மிக மலிவான உறுப்பு. மிகச் சரியான உறுப்பும் அதுதான். கணினித் திரையில் வரும் தகவல் அதன்முன் உட்கார்ந்தவருக்கு மட்டுமே. ஒலிபெருக்கியில் வருவது ஊருக்கே சொந்தம். கட்டுமரத்தில் போகிறவருக்கு அலை உயரம் உயிர் விஷயம் என்பது வெளிப்படை. அது பண விஷயமும்கூட. கடல் சீறும் என்று தெரிந்தால் டீசலும் வலையும் ஒரு நாள் உழைப்பும் வீணாவதில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன்வளம் உள்ள கடற்பகுதிகளை அறிவிக்கத் தொடங்கியபோது, அந்தச் செய்திகளும் இதே வழியில் கரைக்கு வந்தன.

2001-இல் இத்திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. அதற்கு முன்பே, 2000-த்தில், நியூயார்க் டைம்ஸ் ஏம்பலம் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டிருந்தது. புகழ் வந்தபின் எழுந்த கேள்வி நியாயமானது. இதற்கெல்லாம் கடைசிவரை யார் பணம் தருவார்கள்? ஊர்மக்களிடம் கட்டணம் பெரும்பாலும் வாங்கப்படவில்லை. பட்டறைக்கும் பணியாளர்களுக்கும் ஆகும் செலவு வெளிநாட்டு நிதியிலிருந்து வந்தது. பத்தளவில் இருந்த ஊர்களுக்கு அது சரி. ஆறு லட்சம் கிராமங்களுக்கு?

இந்தக் கேள்விக்கு நேரெதிர் விடையை வைத்துக்கொண்டு புறப்பட்டவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. ஏழைக்குத் தொலைபேசி எட்டாததற்குக் காரணம் இணைப்பின் செலவு என்பது அவர் கணக்கு. 1990-களில் ஓர் இணைப்பைத் தர 30,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. அந்த முதலீடு திரும்ப வேண்டுமானால் மாதக் கட்டணம் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாத அளவில் இருக்கும். செலவைக் குறைக்க அவருடைய டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லா அமைப்பை உருவாக்கியது. ஒரு கோபுரத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்கும், இடையில் ஓர் அஞ்சல் கருவி வைத்தால் 25 கிலோமீட்டருக்கும் அது தொலைபேசியையும் இணையத்தையும் ஒருங்கே கொண்டுசென்றது. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அக்காலச் சிற்றூருக்கு அது தாராளம்.

கருவி ஆயிற்று. கிராமத்தில் அதை விற்கப் பெரிய நிறுவனங்கள் வரவில்லை. ஆகவே என்-லாக் என்ற நிறுவனம் கிராமங்களுக்கென்றே தொடங்கப்பட்டது. ஊர் இளைஞரோ இளம்பெண்ணோ ஏறத்தாழ 50,000 ரூபாய் கடன் வாங்கிக் கணினி, அச்சுப்பொறி, வெப் கேமரா, மின்கலம், ஆன்டெனா எல்லாம் அடங்கிய கடையைத் தொடங்குவார். மாதம் 3,000 ரூபாய் அளவில் வருமானம் வந்தால் கடை நிற்கும் என்று கணக்கிட்டார்கள். எஸ்.டி.டி. கடை வளர்ந்த வழியே இதுவும் வளரும் என்பது எதிர்பார்ப்பு.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-இல் இதற்குப் பெரிய சோதனைக்களம் அமைந்தது. ஐ.ஐ.டி.யோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் இணைந்தன. சில கடைகளைத் தனியார் நடத்த, சிலவற்றை மதுரையின் தானம் அறக்கட்டளை நடத்தியது. உலகப்பிச்சன்பட்டியில் ஓர் உழவரின் வெண்டைச் செடிகள் நோய்கண்டபோது, அவற்றைப் படம் பிடித்து மதுரை வேளாண்மைக் கல்லூரிக்கு மின்னஞ்சலில் அனுப்பி மருத்துவம் கேட்டார்கள். பதில் வந்தது, செடியும் தேறியது. கண்ணில் கோளாறு உள்ளவர்களின் படம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயிற்று. வரவேண்டுமா, வரவேண்டாமா என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

மேலூர்த் தாலுகா அலுவலகமும் சேர்ந்துகொண்டது. பிறப்பு, இறப்பு, வருமானம், சாதி ஆகிய சான்றுகளுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஊர்க்கடையிலிருந்தே மனு அனுப்பலாம். சான்று தயாரானதும் செய்தி வரும். ஒரே ஒரு முறை போய் வாங்கி வந்தால் போதும். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர்களுக்கே இதன் அருமை தெரியும். ‘அய்யா மீட்டிங் போயிருக்கிறார், நாளைக்கு வா’ என்ற ஒரு வார்த்தைக்கு ஒரு கூலிக்காரர் இரண்டு நாள் சம்பளத்தை இழக்கிறார். அந்த இழப்பு எந்த வறுமைக் கணக்கிலும் பதிவாவதில்லை. மூன்று நான்கு நடையை ஒன்றாகக் குறைப்பது அவர் கையில் ரொக்கம் கொடுப்பதற்குச் சமம்.

அது நீடிக்கவில்லை. மேலூர்க் கடைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த மைக்கேல் பெஸ்டும் ராஜேந்திர குமாரும் அதன் காரணங்களைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு மின்னஞ்சலில் வரும் மனு, மேசைமேல் வராத மனுவாகத் தோன்றியது. அரசு சேவை தளர்ந்ததும் கடைக்கு வரும் கூட்டமும் வருமானமும் குறைந்தன. கருவி பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. 2005-க்குள் கணிசமான கடைகள் மூடப்பட்டுவிட்டன. கடன் வாங்கித் தொடங்கிய இளைஞர்கள் தலையில்தான் அந்தச் சுமை விழுந்தது. வறுமையைக் குறைக்க வந்த ஒரு திட்டத்தில் இது வருந்தத்தக்க பகுதி. கடைகளுக்கு வந்தவர்களில் படித்த இளம் ஆண்களே மிகுதி என்பதும் அவ்வாய்வுகளில் தெரியவந்தது. தலித் குடியிருப்புக்கு அருகில் இருந்த கடைகளில் மட்டும் தலித் மக்களின் வருகை கூடுதலாக இருந்தது. ஏம்பலத்தில் நிபந்தனையாக எழுதப்பட்டது மேலூரில் கடை அமைந்த தெருவைப் பொறுத்ததாகிவிட்டது.

மேலூரில் தொடங்கித் தளராத இழை ஒன்று உண்டு. அரவிந்த் மருத்துவமனை 2004 முதல் தன் சொந்தக் கண் பரிசோதனை மையங்களைச் சிற்றூர்களில் திறந்தது. பயிற்சி பெற்ற கண் பணியாளர் நோயாளியைக் கருவியால் பரிசோதிப்பார். தலைமை மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதே நேரம் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். தேனிப் பகுதியில் இதற்கான தொலைதூர வை-ஃபை இணைப்பை எரிக் புரூவரின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு அமைத்துக் கொடுத்தது. கண்புரையால் வேலைக்குப் போக முடியாமல் முடங்கியவரும், அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கியவரும் மீண்டும் கூலிக்குப் போனார்கள். ஊர்முனையில் வேலை தெரிந்த ஒருவர், மறுமுனையில் பதில் சொல்வதையே வேலையாகக் கொண்ட ஒருவர். மேலூர்க் கடையில் கிடைக்காமல் போன இந்த இருவரும் இங்கே இருந்தார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை இந்திய நேரம் 6.29-க்குச் சுமத்ரா கடலடியில் நிலம் அதிர்ந்தது. சுனாமி தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் இக்கரைக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது. புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவர் ஊரும் தகவல் மையத் திட்டத்தில் இருந்தது. முன்பு அம்மையத்தில் தன்னார்வலராக இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். தொலைக்காட்சியில் செய்தி பார்த்த அவர் உடனே வீட்டுக்குத் தொலைபேசி செய்தார். ஊரார் பூட்டியிருந்த மையத்தைத் திறந்து, அன்றாடம் அலை உயரம் வாசிக்கப்படும் ஒலிபெருக்கியில் எல்லாரையும் மேட்டுக்கு ஓடச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர் உயிர் பிழைத்தது. படகுகளில் ஏறத்தாழ 150 அழிந்தன.

இதை எதிர்பாராத அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. நாள்தோறும் வாசித்து வாசித்து, அந்த ஒலிபெருக்கியில் வருவதை நம்பலாம் என்று ஊர் சில ஆண்டுகளில் பழகியிருந்தது. முன்பின் கேட்டறியாத ஒரு குரல் ‘கடல் வருகிறது, ஓடுங்கள்’ என்றால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்?

சுனாமிக்குப் பின் வில்லியனூர்ப் பாடம் டெல்லியை எட்டியது. நாடு விடுதலையின் 60-ஆம் ஆண்டை அடையும் 2007-க்குள் எல்லாக் கிராமங்களிலும் ஓர் அறிவு மையம் என்ற இயக்கத்தைச் சுவாமிநாதன் முன்பே தொடங்கியிருந்தார். 2006 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் அளித்தது. இவை மேலூரின் வழியில், உள்ளூர்த் தொழில்முனைவோர் கட்டணம் வாங்கி நடத்தும் கடைகளாகவே திட்டமிடப்பட்டன. மேலூரில் அறுந்துபோன மறுமுனை சீராக நெடுநாள் ஆயிற்று. வருவாய்த்துறையின் சான்றுகள் மின்கையொப்பத்தோடு வெளிவரத் தொடங்கிய பிறகே, தமிழ்நாட்டில் இ-சேவை மையத்துக்குப் போகும் ஒருவர் தாலுகா ஆபீசை மறக்க முடிந்தது. அதிகாரியின் ஆர்வத்தைப் பொறுத்திருந்த நிலை மாறத் தொடங்கியது.

இதற்குள் கையடக்கக் கருவி களத்தை மாற்றிவிட்டது. 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புக்குக் கட்டணமில்லை என்றானதும், மீன் கரையிலும் காய்கறி மண்டியிலும் கைப்பேசி பரவியது. மையத்துக்குப் போய்க் கேட்கவேண்டியதில் ஒரு பகுதி மடிக்கே வந்தது. என்-லாக் முயற்சி ஓய்ந்தது. கார்டெக்ட் கோபுரங்கள் பயனற்றுப் போயின. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வீராம்பட்டினத்து அறிவிப்பைக் கைப்பேசிக்கு மாற்றி, குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் நிறுவனங்களின் துணையோடு ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ என்ற செயலியை உருவாக்கியது. அலை உயரம், காற்று வேகம், மீன்வளம் உள்ள பகுதி, மீன் விலை ஆகியவற்றை அது தமிழிலும் பிற மொழிகளிலும் தருகிறது. இலங்கைக் கடல் எல்லையைப் படகு நெருங்கும்போது எச்சரிக்கிறது. பாக் நீரிணையில் மீன்பிடிக்கும் குடும்பங்களுக்கு எல்லை தாண்டுவது சிறைவாசம், படகு பறிமுதல், ஆண்டுக்கணக்கான கடன் என்பதால் இந்த ஓர் ஒலியின் மதிப்பு பெரிது. செயலிக்கான அலை, காற்றுத் தரவு ஐதராபாத் மையத்திலிருந்து நாள் தவறாமல் வருகிறது.

(தொடரும்)